தாத்தா செய்த ரீஸ்டோர்



போன செமஸ்டர் லீவுல கீரனூர் வீட்டுல இருந்தேன். லேப்டாப்புல அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, பேட்டரியும் ஏற்கெனவே உயிரை விட்ட பேட்டரி. மறுநாள் காலையில ஆன் பண்ணினா, கடையில இருந்து இப்பதான் வாங்கி வந்த மாதிரி என் பேரைக் கேட்குது. பரவாயில்லை, எல்லாம் ஆன்லைன் பேக்கப்புல இருக்குன்னு தெம்பா இருந்தேன். போன் ஹாட்ஸ்பாட்டை மாடியில வச்சு, சாயங்காலத்துக்குள்ள கோப்பு அத்தனையும் இறக்கியாச்சு.

ஆனா திறந்து பார்த்தா ஒண்ணுமே புரியலை. தமிழ் கீபோர்டு இல்லை. எடிட்டர்ல நான் ரெண்டு வருஷமா பார்த்துப் பார்த்து வச்ச ஷார்ட்கட் ஒண்ணும் இல்லை. கொடுமை என்னன்னா, நம்ம மின்னிதழோட பழைய இதழ்கள், சீனியர்கள் யூனிகோடுக்கு முந்தின ஏதோ ஒரு எழுத்துருவுல அடிச்சு வச்சது, எல்லாம் ஆங்கில எழுத்தும் கேள்விக்குறியும் கலந்த குப்பையாத் தெரிஞ்சுது. கோப்பு கெடலை. ஒரு பைட்டுகூட தொலையலை. அதை எப்படிப் படிக்கணும்னு சொல்ற சின்ன விஷயம் மட்டும் இல்லை.

மறுநாள்தான் கண்டுபிடிச்சேன், செட்டிங்ஸ் பேக்கப் தனியா, தேதி தேதியா இருக்குன்னு. கரண்ட் போன நாளுக்கு முந்தின தேதியைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டோர் கொடுத்தேன். எழுத்துரு வந்தது, கீபோர்டு வந்தது, குப்பை எல்லாம் மறுபடி தமிழாச்சு. மொத்தமே சில எம்பி.

இதே சிக்கல்ல 1880ல கும்பகோணத்துல ஒருத்தர் மாட்டினார். அவருக்கு ரீஸ்டோர் பட்டன் கிடையாது. முடிக்க அறுபது வருஷம் ஆச்சு, அப்பவும் முழுசா முடியலை. அவரைத்தான் ஸ்கூல்ல தமிழ்த் தாத்தான்னு படிச்சு, ரெண்டு மார்க் கேள்விக்குப் பதில் எழுதிட்டு மறந்துட்டோம். உ.வே.சாமிநாதையர்.

அவர் பிறந்தது 1855 பிப்ரவரி 19. ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் உத்தமதானபுரம். அப்பா வேங்கடசுப்பையர் பாட்டுக்காரர். கதை சொல்லி, பாடி, ஆதரிக்கிற ஊர் எதுவோ அங்கே குடும்பத்தோட போய்த் தங்கி, அந்த ஊர் ஆதரவு வற்றினதும் அடுத்த ஊர். பையனும் சங்கீதம் படிக்கணும்னு அவருக்கு ஆசை. பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே ரெண்டு நூல் தெரிஞ்சவர் யாருன்னு தேடிப் போய் உட்கார்ந்துடுவார். கடைசியில அப்பாவே மனசு இளகி, 1871ல மாயூரத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் விட்டார்.

பிள்ளை அந்தக் காலத்துத் தமிழின் உச்சம். உட்கார்ந்த இடத்துல தலபுராணத்துக்குப் பாட்டுகளைச் சொல்லிக்கொண்டே போவார், பக்கத்துல ஒருத்தர் ஓலையில எழுதிக்கிட்டே வரணும். வேங்கடராமன்ங்கிற பேரைச் சாமிநாதன்னு மாத்தினதும் அவர்தான். 1876ல அவர் இறக்கும் வரைக்கும் அஞ்சு வருஷம் கூடவே இருந்து படிச்சார். அதுக்கப்புறம் திருவாவடுதுறை மடத்துல சுப்பிரமணிய தேசிகரிடம். 1880 பிப்ரவரியில, கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது தன் இடத்துக்கு இவரைச் சிபாரிசு பண்ணினார். சம்பளம் 50 ரூபாய். 25 வயசுக்கு இது பெரிய செட்டில்மெண்ட். இன்னிக்கு கேம்பஸ்ல பிளேஸ் ஆன மாதிரி.

அதே வருஷம் அக்டோபர் 21. கும்பகோணத்துக்கு முன்சீபா வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை மரியாதைக்காகப் பார்க்கப் போனார். என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா, புராணம்னு வரிசையா அடுக்கினார். லிஸ்ட் நீளமானது, பெருமையாச் சொல்லியிருப்பார். முதலியார் முகத்துல ஒரு அசைவும் இல்லை. அதெல்லாம் சரி, சீவக சிந்தாமணி படிச்சிருக்கீங்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் என்று கேட்டார். இவர் படிச்சதில்லை. இவருடைய ஆசிரியரே படிச்சதில்லை. தமிழ்நாட்டின் மிகப் பெரிய வித்துவானின் நேரடி மாணவருக்கு, தமிழின் பழைய காப்பியங்கள் பேரளவுலதான் தெரியும்!

நான் இங்கதான் கொஞ்ச நேரம் நின்னுட்டேன். அந்த நூல்கள் அழியலை. ஓலைச்சுவடியா மடத்துலயும் கவிராயர் வீட்டுப் பரண்லயும் கிடந்தன. அதாவது பேக்கப் இருந்தது. படிக்கிற வழிதான் அறுந்து போயிருந்தது.

முதலியார் தன்னிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். அதை வாங்கிட்டு வந்து பிரிச்சா, என் லேப்டாப் கதைதான். ஓலைச்சுவடியில என்ன எழுத்து வடிவம்னு தெரிஞ்சா இது புரியும். எழுத்தாணியால புள்ளி வச்சா ஓலை ஓட்டையாயிடும். அதனால மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. க, க் ரெண்டும் ஒண்ணுதான், இடத்தைப் பார்த்து நாமதான் ஊகிக்கணும். எ-ஏ வித்தியாசம் இல்லை, ஒ-ஓ வித்தியாசம் இல்லை. காலும் ரகரமும் ஒரே மாதிரி. வார்த்தைக்கு நடுவுல இடைவெளி இல்லை, காற்புள்ளி அரைப்புள்ளி இல்லை. பாட்டு வரி வரியா இருக்காது, ஓலை முடியற இடம்தான் வரி முடியற இடம். பாட்டு எங்க முடிஞ்சு உரை எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ற அடையாளம்கூடப் பல கட்டுல இல்லை. என்கோடிங் தெரியாத ஒரு கோப்பைத் திறந்தவங்களுக்கு அந்த வலி தெரியும்.

எழுத்தைக்கூட இலக்கணம் தெரிஞ்சா கூட்டிப் படிச்சிடலாம். பொருள்? சிந்தாமணி எழுதின திருத்தக்கதேவர் சமணர். இவரோ சைவ மடத்துல வளர்ந்தவர். நூல்ல வர்ற சமணச் சொல், சமண வழக்கம், எதுக்கும் அவர் தலையில ஒரு அகராதி இல்லை. கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு வித்துவானும் இல்லை.

அப்பதான் கும்பகோணத்துலயே சமணக் குடும்பங்கள் இருக்குன்னு கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போனார். போன நாள் அந்த வீட்டுல மாவிலைத் தோரணம், கோலம். என்ன விசேஷம்னு விசாரிச்சா, சிந்தாமணி படிச்சு முடிச்ச நாளாம், அதைக் கொண்டாடறாங்களாம். யோசிச்சுப் பாருங்க. தமிழ் வித்துவான்கள் உலகத்துல யாருக்கும் தெரியாத நூலை, அதே ஊர்ல ஒரு வீட்டுல தலைமுறை தலைமுறையா வாசிச்சு விழா எடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. சிஸ்டம் நின்னு போச்சுன்னு நாம அழுதுக்கிட்டு இருக்கும்போது, பக்கத்துத் தெருவுல ஒரு சர்வர் அமைதியா ஓடிக்கிட்டு இருந்த கதை. அந்த வழியா அறிமுகமான சந்திரநாத செட்டியார் இவருடைய சந்தேகம் ஒவ்வொண்ணுக்கும் பொறுமையா விளக்கம் சொன்னார். ஓலையில எழுதாத செட்டிங்ஸ் எல்லாம் அந்தக் குடும்பங்களோட நினைவுலயும் பழக்கத்துலயும்தான் சேமிப்பா இருந்துச்சு.

ஒரு பிரதியை நம்பக்கூடாதுங்கிறதும் அவருக்குச் சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. படி எடுக்கிறவர் தூக்கத்துல ஒரு வரியைத் தாண்டியிருப்பார். புரியாத சொல்லைத் தனக்குத் தெரிஞ்ச சொல்லா மாத்தியிருப்பார். அதைப் பார்த்துப் படி எடுத்த அடுத்தவர் அந்தப் பிழையையும் சேர்த்து எடுப்பார். கெட்ட கோப்பையே தினமும் ஒழுங்கா பேக்கப் எடுத்து வைக்கிற மாதிரி. அதனால ஊர் ஊரா எழுதிக் கேட்டு, இருபதுக்கு மேற்பட்ட சிந்தாமணிச் சுவடி சேர்த்தார். ஒருத்தர் ஒரு பிரதியைப் படிக்க, மத்தவங்க மத்த கட்டை வச்சுக்கிட்டு எங்க வேறுபடுதுன்னு குறிக்கணும். நாம டிஃப் கமாண்ட் ஒண்ணு அடிச்சு ரெண்டு நொடியில பார்க்கிறதை, 3145 பாட்டுக்கும் கண்ணாலயே பார்த்தாங்க. தனக்குச் சரின்னு பட்ட பாடத்தை மேலே போட்டு, மத்தப் பிரதியில இருந்ததை அடிக்குறிப்பா பிரதிபேதம்னு கொடுத்தார். எதையும் தூக்கி எறியலை. நாளைக்கு இவர் தேர்ந்தெடுத்தது தப்புன்னு ஒருத்தர் நினைச்சா, பழைய வெர்ஷனுக்குப் போக வழி பக்கத்துக்கு அடியிலயே இருக்கு.

அச்சடிக்கப் பணம் கிடையாது. புத்தகம் வரும் முன்னாலயே வாங்கிக்கறேன்னு கையொப்பம் போட்டவங்க பணத்துலதான் வேலை நடந்துச்சு. ஒரு பக்கம் காலேஜ் வகுப்பு, இன்னொரு பக்கம் லீவு விட்டா சென்னைக்கு ரயில், அச்சகத்துல புரூஃப். 1887ல சிந்தாமணி வெளிவந்துச்சு. முதலியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல ஏழு வருஷம்.

இந்த இடத்துல நியாயமா ஒண்ணு சொல்லிடணும். இவர் ஒருத்தரே எல்லாத்தையும் மீட்டார்னு சொல்றது சரியில்லை. யாழ்ப்பாணத்துச் சி.வை.தாமோதரம்பிள்ளை இவருக்கு முன்னாலயே வீரசோழியம் போன்றவற்றை அச்சுக்குக் கொண்டு வந்தார், அதே 1887ல கலித்தொகையையும் பதிப்பிச்சார். சிந்தாமணியைத் தான் பதிப்பிக்கறேன், கொடுங்கன்னு இவரிடம் கேட்டவரும் அவர்தான். இவர் கொடுக்கலை. அவ்வளவு பாடுபட்டதை எப்படிக் கொடுக்க மனசு வரும்? எனக்குக் கொடுக்காததுல தப்பு தெரியலை.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதின பழைய உரை இருக்கு. அவர் விளக்கத்துக்கு நடுவுல வேற நூல்கள்ல இருந்து ஒரு வரி, ரெண்டு வரி எடுத்துப் போட்டுக்கிட்டே போவார். எந்த நூல்னு பல இடத்துல சொல்ல மாட்டார், அந்தக் காலத்துப் படிப்பாளிக்குச் சொல்லத் தேவையில்லை. நம்ம ஆளுக்கு அது ஒவ்வொண்ணும் உடைஞ்ச லிங்க். அந்த வரிகள் எங்கிருந்து வந்துச்சுன்னு தேடப் போய்த்தான் சங்க நூல்களுக்குள்ள விழுந்தார். பத்துப்பாட்டுக்கு ஒரு நல்ல விஷயம் இருந்துச்சு. பத்துப் பாட்டோட பேரையும் யாரோ ஒருத்தர் எப்பவோ ஒரே வெண்பாவுல கட்டி வச்சிருந்தார். ஃபோல்டர் காலியா இருந்தாலும் உள்ளே என்னென்ன கோப்பு இருந்துச்சுன்னு ஒரு பட்டியல் மிஞ்சின மாதிரி. எத்தனை தேடணும்னாவது தெரியும்.

அந்தத் தேடல்ல திருநெல்வேலிச் சீமை முழுக்க அலைஞ்சார். ஆழ்வார்திருநகரியில இலட்சுமண கவிராயர் வீட்டுல கட்டு கட்டா ஏடு. நாள் கணக்காப் புரட்டியும் பத்துப்பாட்டு இல்லை. சொந்தக்காரங்க பாகம் பிரிச்சப்ப சில ஏடு கவிராயரோட மாமனார் வீட்டுப் பக்கம் போயிருந்துச்சு, ஆனா ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இவருடைய ஏக்கத்தைப் பார்த்துட்டு, கவிராயர் மனஸ்தாபத்தை மறந்து மாமனார் வீட்டுக்குப் போய்க் கேட்டு, ராத்திரி ஒரு கட்டோட திரும்பினார். நிலா வெளிச்சத்துலயே பிரிச்சுப் பார்த்தார் தாத்தா. பத்துப்பாட்டு! பாஸ்வேர்டு ஒரு மாமனார் மருமகன் சண்டைக்குள்ள மாட்டிக்கிட்டு இருந்திருக்கு.

எல்லா ஊரும் இப்படி அமையலை. கரிவலம்வந்தநல்லூர்க் கோயில்ல வரகுணபாண்டியர் காலத்து ஏடுகள் நிறைய இருக்குன்னு கேள்விப்பட்டு ஆசையாப் போனார். அங்கே சொன்ன பதில், பழசாகிச் சிதைஞ்ச ஏட்டை நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போடணும்னு ஆகமத்துல இருக்கு, அப்படியே செஞ்சுட்டோம் என்பது. அந்த ஊர்ல எத்தனை நூலுக்கு அதுவே கடைசிப் பிரதியா இருந்துச்சோ. ஆடிப் பெருக்குல ஆத்தோட விட்ட வீடுகளும் உண்டு. யாரும் கெட்ட எண்ணத்துல செய்யலை. படிக்கத் தெரியாத வீட்டுல ஏடு வெறும் பழைய ஓலை. என் பெரியப்பா வீட்டுல பழைய ஹார்ட் டிஸ்க்கை ஆக்கருக்குப் போட்ட கதை இதுதான், அதுல ஆத்தாவோட கல்யாண போட்டோ ஸ்கேன் இருந்துச்சு.

பத்துப்பாட்டு 1889ல வெளிவந்துச்சு. அதுல எங்க ஊர்ப் பக்கத்து விஷயம் ஒண்ணு இருக்கு, அதுக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுத உட்கார்ந்தேன். முதல் பாட்டு திருமுருகாற்றுப்படை. பாடினவர் நக்கீரர். எங்க ஊர்ப் பேர்ல இருக்கிற கீரனும் அவரும் ஒண்ணுன்னு சொந்தம் கொண்டாட எனக்கு ஆதாரம் இல்லை, ஆசை மட்டும் உண்டு. ஆனா அந்தப் பாட்டோட மூணாவது பகுதி திருவாவினன்குடி. அது நம்ம பழனி. கீரனூர்ல பஸ் ஏறினா போய் இறங்கற பழனி. திருமுருகாற்றுப்படையாவது பக்தர்கள் வாய்ப் பாராயணமா வச்சிருந்ததால தொலையாம இருந்துச்சு. பழனி மலைப் பக்கத்தை ஆண்ட பேகன், மயிலுக்குப் போர்வை கொடுத்தவன், அவன் கதை வர்றது சிறுபாணாற்றுப்படையிலும் புறநானூற்றிலும். அது ரெண்டையும் யாரும் தினமும் பாராயணம் பண்ணலை. பேகன் கதையை மூணாம் வகுப்புலயே படிச்சு, படம் வரைஞ்சு மார்க் வாங்கினவன் நான். அந்தக் கோப்புகள் திரும்பக் கிடைச்சு நூத்து முப்பது சொச்சம் வருஷம்தான் ஆகுதுன்னு அப்ப யாரும் சொல்லலை.

குறிஞ்சிப்பாட்டுல இன்னொரு சம்பவம். கபிலர் 99 பூக்களோட பேரை வரிசையா அடுக்கற இடம் இருக்கே, அங்கே கிடைச்ச சுவடிகள்ல சில பூக்கள் பேர் இருந்த இடம் சிதைஞ்சு காலி. பூப் பேர்தானே, சந்தத்துக்கு ஒத்து வர்ற மாதிரி ரெண்டு பூவைச் சொருகினா யார் கண்டுபிடிக்கப் போறாங்க? மீனாட்சிசுந்தரம் பிள்ளையோட மாணவருக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனா அவர் சொருகலை. தருமபுரம் மடத்துக்குப் போய், அங்கே இருந்த சுவடியைத் தேடி எடுத்துப் பார்த்தார். பூவெல்லாம் அங்கே இருந்துச்சு.

கிடைக்காத இடத்துல? புள்ளி வச்சார். 1894ல வந்த புறநானூற்றைத் திறந்து பாருங்க. வரிக்கு நடுவுல புள்ளி புள்ளியா இருக்கும், அங்கே சொல் கிடைக்கலைன்னு அர்த்தம். 267, 268 ரெண்டு பாட்டும் முழுசாவே இல்லை. எண்ணை அப்படியே விட்டுட்டு 269க்குப் போயிட்டார். பின்னால வர்ற பாட்டுக்கு எண்ணை மாத்தி வரிசையை அழகாக்கவும் இல்லை. டேட்டாபேஸ் பாடத்துல காலி மதிப்புக்கும் சுழியத்துக்கும் வித்தியாசம் தெரியாம நான் இழந்த அஞ்சு மார்க் ஞாபகம் வருது.

மத்ததைச் சுருக்கமாச் சொல்றேன், பட்டியல் நீளம். சிலப்பதிகாரம் 1892. மணிமேகலை 1898; இது பௌத்த நூல், சைவருக்கு இன்னும் தூரம். கும்பகோணம் கல்லூரியில கூட வேலை பார்த்த மளூர் ரங்காசாரியார் பௌத்த சமயக் கருத்துகளைச் சொல்லிக் கொடுத்தார். ஐங்குறுநூறு 1903. பதிற்றுப்பத்து 1904, அதுல முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கலை, இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலை. பரிபாடல் 1918, எழுபதுல 22தான் தேறிச்சு. ஒவ்வொண்ணுலயும் முன்னுரை, ஆசிரியர் வரலாறு, கதைச் சுருக்கம், அரும்பத அகராதி, மேற்கோள் நூல்களோட பட்டியல். எனக்கு இதுதான் அவருடைய உண்மையான வேலையாத் தோணுது. மறுபடி ஒரு தடவை தமிழ்நாடே மறந்து போனாலும், புத்தகத்தைத் திறக்கிற ஆளுக்கு யார் துணையும் இல்லாம படிக்க முடியணும்னு செட்டிங்ஸையும் சேர்த்தே அச்சடிச்சு வச்சார்.

1903ல சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலானார், 1919ல ஓய்வு. 1906ல மகாமகோபாத்தியாய பட்டம், 1932ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட டாக்டர் பட்டம். நடுவுல 1924லிருந்து மூணு வருஷம் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவர். திருவல்லிக்கேணியில வாங்கின வீட்டுக்குத் தியாகராஜ விலாசம்னு பேர் வச்சார், கும்பகோணத்துல வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியார் நினைவா. குறுந்தொகையைப் பதிப்பிச்சப்ப வயசு 82. நமக்கு ரெக்கார்டு நோட்டு முடிக்கவே மூச்சு வாங்குது.

1940ல தன் வாழ்க்கையை ஆனந்த விகடன்ல தொடரா எழுத ஆரம்பிச்சார். என் சரித்திரம். நான் மேலே சொன்ன பாதிக் கதைக்கு மேல அவரே அதுல எழுதி வச்சதுதான். இரண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு 1942ல சென்னையே காலியாச்சு. 87 வயசுல அவரும் குடும்பத்தோட திருக்கழுக்குன்றத்துக்குப் போனார். ஏப்ரல் 28 அங்கேயே இறந்தார். தொடர் மணிமேகலை வெளிவந்த காலத்தைத் தாண்டினதும் அப்படியே நிக்குது. அடுத்த நாப்பது வருஷத்துக் கதையை எழுத நேரம் கிடைக்கலை.

அவர் சேர்த்த சுவடிகளுக்காக மறு வருஷமே, 1943ல, அவர் பேர்ல நூல்நிலையம் ஆரம்பிச்சாங்க. இப்போ பெசன்ட் நகர்ல இருக்கு. சிம்போசியம், இன்டர்ன்ஷிப்னு சென்னை போறவங்க போய்ப் பார்க்கலாம்.

நம்ம மின்னிதழோட பழைய இதழ்களை இந்த வாரம் யூனிகோடுக்கு மாத்திக்கிட்டு இருக்கேன். ஒரு இதழ்ல நாலு பக்கம் மட்டும் வேற எழுத்துருவுல அடிச்சிருக்காங்க, எந்த எழுத்துருன்னு கண்டுபிடிக்க முடியலை. அந்தச் சீனியர் யாருன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, போன் பண்ணிக் கேட்டுடறேன். அது வரைக்கும் அந்த நாலு பக்கத்துல புள்ளி வச்சிருக்கேன்.